குதிரைகளுக்குப் போட்ட சாலை

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகருக்குக் கிழக்கே ஹாமில்டன் மலைக்கு ஏறும் சாலையைப் போட்டவர்கள் மோட்டார் வாகனம் என்ற ஒன்றைப் பார்த்ததில்லை. 1876-ல் அந்தச் சாலை முடிந்தபோது அவர்கள் மனதில் இருந்தது குதிரை வண்டிதான். உச்சியில் கட்டப்போகும் வானாய்வகத்துக்கு வேண்டிய சாமான்களையெல்லாம் குதிரைகள் இழுத்து ஏற வேண்டும். குதிரை நின்று மூச்சு வாங்காமல் ஏற வேண்டுமானால் சரிவு ஆறரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கணக்குப் போட்டார்கள். எனவே சாலை மலையை நேராக ஏறாமல் மடிந்து மடிந்து போகிறது. ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை வளைவு, 365 என்பது உள்ளூர்க் கணக்கு. யாராவது எண்ணிச் சரிபார்த்தார்களா என்று நான் கேட்கவில்லை. எண்ணிக்கொண்டே வண்டி ஓட்டுகிறவன் கடைசி வளைவுவரை போய்ச் சேரமாட்டான்.

இந்தச் சாலைக்கு நாங்கள் போனது நட்சத்திரம் பார்க்க இல்லை, ஒரு கேம்ஷாஃப்டைச் சோதிக்க. உண்மையில் இரண்டு கேம்ஷாஃப்ட்.

ஃப்ரீமாண்டில் இருக்கும் அண்ணன் எனக்குக் கல்லூரியில் சீனியர். வடசென்னைக்காரர். அவருடைய அப்பா திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பகலில் அண்ணன் சிப் வடிவமைக்கிற கம்பெனியில் மேலாளர். இரவில் கராஜில் கரி படிந்த கையோடு உட்கார்ந்திருப்பவர். அவரிடம் இரண்டு வண்டி. ஒன்று, சென்னைக்கு வெளியே ஒரகடம் பக்கம் தயாரான இன்டர்செப்டர் 650. அமெரிக்காவில் அந்தப் பெயர் ஹோண்டாவின் கையில் இருப்பதால் இங்கே ஐ.என்.டி. 650 என்று விற்கிறார்கள். இன்னொன்றுதான் விவகாரம்: 1957 வுட்ஸ்மேன். டேங்கில் ‘இந்தியன்’ என்று எழுதியிருக்கும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த இந்தியன் மோட்டார் சைக்கிள் கம்பெனி 1953-ல் சொந்தத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பெயரை வைத்திருந்தவர்கள் 1955 முதல் இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரிலிருந்து ராயல் என்ஃபீல்டு வண்டிகளை வரவழைத்து, இந்தியன் முத்திரை ஒட்டி அமெரிக்காவில் விற்றார்கள். 700 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி ட்ரெயில்பிளேசர் ஆனது. 500 சிசி புல்லட் வுட்ஸ்மேன் ஆனது. அதே 1955-ல்தான் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியும் ஏற்பட்டது. முதலில் உதிரிப் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினார்கள்; பிறகு அச்சுகளையும் வாங்கி முழுவதையும் சென்னையிலேயே செய்தார்கள். ரெடிட்ச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. திருவொற்றியூர் மட்டும் அதே இரும்பு பேரல், அதே 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்று இன்னும் நாற்பது வருடம் ஓட்டியது. அதனால் கலிஃபோர்னியாவில் ஒருவர் வுட்ஸ்மேனை உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால் சாமானுக்குச் சென்னையைத்தான் நம்ப வேண்டும். அண்ணனின் வண்டியில் சட்டம் ரெடிட்ச், ஹெட்டும் பிஸ்டனும் கியர் பாக்ஸின் உள்ளுறுப்புகளும் நம்மூர். பழைய வண்டிகளைப் பொட்டுத் துரு மாறாமல் பாதுகாக்கும் கனவான்கள் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். அண்ணனுக்குக் கவலையில்லை. “ஓடாத வண்டி எதுக்குப்பா, கொலு வைக்கவா?” என்பார்.

நான் போய் இறங்கிய இரவு எஞ்சின் பாதி பிரிந்து கிடந்தது. வலது பக்க டைமிங் மூடியைக் கழற்றியிருந்தார். புல்லட்டில் உறிஞ்சும் வால்வுக்கு ஒன்று, புகை வெளியேற்றும் வால்வுக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனிக் கேம் உண்டு. கிராங்கின் முனையில் இருக்கும் சிறிய பல்சக்கரம் வரிசையாகப் பல சக்கரங்களைச் சுழற்றி இந்த இரண்டையும் சுழற்றுகிறது. சங்கிலி கிடையாது, பெல்ட் கிடையாது. கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒரு முறை. அந்தச் சக்கரங்களின் பற்களில் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். அவை ஒன்றுக்கொன்று நேராக நின்றால் டைமிங் சரி. சென்னையில் மூர் மார்க்கெட் காலத்து மெக்கானிக்குகள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்துவார்கள்.

ஆனால் அண்ணன் வைத்திருந்தவை வேறு கேம்கள். பழைய கேம்களையே ஒரு பட்டறைக்கு அனுப்பி மறுபடி சாணை பிடித்து வாங்கியிருந்தார். கேம்மின் மூக்கை உயர்த்த இரண்டு வழி உண்டு. மூக்கின்மேல் கடினமான உலோகத்தை வெல்டு வைத்து வளர்த்துத் தேய்ப்பது ஒன்று. மற்றது மலிவான வழி: மூக்கைத் தொடாமல் அடிவட்டத்தைக் குறைப்பது. வட்டம் சிறுத்தால் மூக்கு தானாக உயரும். ஆனால் வட்டம் குறைந்த அளவுக்கு டேப்பெட் கீழே இறங்கிவிடும். அந்த இடைவெளியை புஷ்ராடை நீட்டித்தான் அடைக்க வேண்டும். புல்லட்டில் புஷ்ராடின் அடியிலேயே திருகி நீட்டும் வசதி இருப்பதால் பிழைத்தோம்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இந்தக் கலைக்கு நீண்ட மரபு இருக்கிறது. கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே சான் ரஃபேலில் மெகாசைக்கிள் என்ற பட்டறை மோட்டார் சைக்கிள் கேம்களுக்கென்றே பேர் வாங்கியது. ட்ரையம்ப், நார்ட்டன், ஹோண்டா என்று பந்தயத்துக்குப் போன பழைய வண்டிகள் பலவற்றின் வயிற்றில் அவர்கள் தேய்த்த கேம் இருக்கும். நம்மூரிலும் இல்லாமல் இல்லை. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் சென்னையின் லேத் பட்டறைகளில் கேம் தேய்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய அளவுகள் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

கேம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் உறிஞ்சும் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். ஏன்? எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது ஓடி வருகிற காற்றுக்கு ஓர் உந்தம் உண்டு. பிஸ்டன் எதிரே வந்தாலும் அது உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். ஊஞ்சலை எந்த நொடியில் தள்ளுகிறோம் என்பது மாதிரிதான்: சரியான நொடியில் விரலால் தொட்டாலும் உயரப் போகும், தவறான நொடியில் உடம்பையே சாய்த்தாலும் முட்டிக்கொண்டு நிற்கும். வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம், 5000 சுற்றில் சிலிண்டரை நிரப்பித் தள்ளும். அதே கேம் 2000 சுற்றில், உந்தம் இல்லாத சோம்பேறிக் காற்றை வந்த வழியே கார்புரேட்டருக்குத் திருப்பி அனுப்பும். கேம் மாற்றினால் சக்தி கூடும் என்று சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். கேம் சக்தியை இடம் மாற்றுகிறது. மேலே கொடுப்பதைக் கீழே எடுத்துக்கொள்கிறது.

அன்று இரவு செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது களிமண் வேலை. மூக்கு உயர்ந்த கேம் வால்வை ஆழமாகத் தள்ளும். அது ஏறி வரும் பிஸ்டனில் இடித்தால் எஞ்சின் கதை முடிந்தது. எனவே பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் வாங்கிய நீல நிற விளையாட்டுக் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் இரண்டு வில்லையாக அப்பி, மேலே எண்ணெய் தடவி, ஹெட்டைப் பூட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றினார். திரும்பக் கழற்றியபோது களிமண்ணில் வால்வின் விளிம்பு பிறைபோலப் பதிந்திருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தைக் கேலிபரால் அளந்தார். உறிஞ்சும் பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர், சூடேறி நீளும் வெளியேற்றும் பக்கம் இரண்டு மில்லிமீட்டர். இதற்குக் குறைந்தால் ஆபத்து. இரண்டிலும் மிச்சம் இருந்தது. அடுத்து வால்வு முழுக்கத் திறக்கும்போது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா என்று பார்த்தார். கடைசியாக கிராங்கின் முனையில் டிகிரி வட்டத்தை மாட்டி, டேப்பெட்டின் மேல் டயல் கேஜ் வைத்து, வால்வு எந்த டிகிரியில் திறந்து எந்த டிகிரியில் மூடுகிறது என்று தாளில் எழுதிக்கொண்டார். குறிகள் நேராக நின்றாலும் சாணை பிடித்த கேம்மை அப்படியே நம்பக் கூடாது என்பது அவர் கொள்கை.

புஷ்ராடைச் சரிசெய்யும் முறை மட்டும் மாறவே இல்லை. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டன் உச்சியில் நிற்க வேண்டும். புஷ்ராட் விரலால் சுழற்றினால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. “அப்பா இதைத்தான் மொதல்ல கத்துக் கொடுத்தாரு. கேஜ் எல்லாம் அவருக்குத் தெரியாது, விரல்தான்” என்றார்.

காலையில் ஒரு சங்கடம். தட்டையான டேப்பெட் கொண்ட எஞ்சினில் புதுக் கேம் போட்டால் முதல் முறை ஸ்டார்ட் ஆனவுடனே 2000 சுற்றுக்கு மேல் இருபது நிமிடம் விடாமல் ஓட விட வேண்டும். இல்லையென்றால் கேம்முக்கு எண்ணெய் போதாமல் மூக்கு தேய்ந்துவிடும். துத்தநாகம் கலந்த எண்ணெய் ஊற்றுவதும் இதற்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃப்ரீமாண்டின் அமைதியான தெருவில் 500 சிசி ஒற்றை சிலிண்டர் இருபது நிமிடம் கத்தினால் அக்கம்பக்கம் என்ன சொல்லும்? அண்ணி சனிக்கிழமையே ஐந்து வீடுகளுக்கு முறுக்கு கொடுத்து அனுப்பியிருந்தார்.

கிக்கர் வழக்கத்தைவிட லேசாக இறங்கியது. அதுவே நல்ல அறிகுறி அல்ல. வால்வு தாமதமாக மூடுவதால் மெதுவான சுற்றில் கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஈடுகட்ட ஆறரைக்கு ஒன்றாக இருந்ததை எட்டரைக்கு ஒன்றாக்கும் பிஸ்டன் போட்டிருந்தார். அதுவும் போதவில்லை போலும். ஐடிலிங்கில் சீராகத் துடிக்கும் புல்லட், இப்போது தடுமாறித் தடுமாறித் துடித்தது. கேட்பதற்கு என்னவோ கம்பீரமாகத்தான் இருந்தது.

680 ஃப்ரீவேயில் தெற்கே இறங்கினோம். கலிஃபோர்னியாவில் கார் வரிசைகளுக்கு நடுவே பைக் புகுந்து போவது 2017 முதல் சட்டப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட காரியம். அண்ணா சாலையில் பழகியவனுக்கு இதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. ஆலம் ராக் அவென்யூவில் வெளியேறி, வீடுகள் முடியும் இடத்தில் மலைச்சாலை தொடங்குகிறது. நான் 650-ல் பின்னால், அண்ணன் வுட்ஸ்மேனில் முன்னால். அவர் கியர் மாற்றுவது வலது காலில், பிரேக் இடது காலில். அந்த ஆல்பியன் கியர் பாக்ஸில் குதிகாலால் மிதித்தால் முதல் கியரைத் தவிர வேறு எந்த கியரிலிருந்தும் நேரே நியூட்ரலுக்கு வந்து விழும் இரண்டாவது நெம்புகோல் ஒன்று உண்டு. அதை மறந்தவர்கள் மறுபடி கண்டால் கண் கலங்குவார்கள்.

முதல் பத்து வளைவிலேயே கேம் தன் குணத்தைக் காட்டிவிட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் மணிக்கு 20 மைலுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. அதிலிருந்து எழும்போது பழைய புல்லட்டானால் மூன்றாவது கியரிலேயே டக் டக் என்று இழுத்துக்கொண்டு ஏறியிருக்கும். அதன் இழுவை உச்சம் 3000 சுற்றுக்குப் பக்கத்தில். இந்தக் கேமோடு 3000-க்குக் கீழே த்ராட்டிலைத் திருகினால் கார்புரேட்டர் இருமியது. அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவதுக்கு இறக்கினார், எஞ்சினைக் கதறவிட்டார், மூன்றாவதுக்கு ஏற்றினார், அடுத்த வளைவு வந்துவிட்டது. குதிரைக்கு ஏற்ற சீரான ஏற்றத்தில் குதிரைபோல இழுக்கும் எஞ்சினுக்குத்தான் மரியாதை. பின்னால் நான் மூன்றாவது கியரை மாற்றாமலே வந்தேன். 270 டிகிரி கிராங்கும், ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வும், கணினி அளந்து தெளிக்கும் பெட்ரோலும் சேர்ந்தால் இந்தச் சிக்கலே தெரியாது. கொஞ்சம் சலிப்புத்தான் தெரியும்.

மேலே போகப் போக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. உச்சி 4,200 அடிக்கும் மேல். காற்று மெலிந்தால் கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலைத்தான் கொடுக்கும், கலவை கனத்துவிடும். கடைசி மைல்களில் சைலன்சரிலிருந்து கறுப்பாக ஒரு நூல் வந்தது.

வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடத்துக்குக் கீழே வண்டிகளை நிறுத்தினோம். இதற்குப் பணம் கொடுத்த ஜேம்ஸ் லிக் பியானோ செய்து விற்றவர். லிமா நகரிலிருந்து 1848-ல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கிரார்டெல்லியின் சாக்லெட் 600 பவுண்டு கொண்டுவந்து விற்றவர். நிலத்தில் பணம் பண்ணி, சாகும் முன் உலகிலேயே பெரிய தொலைநோக்கி வேண்டும் என்று எழுதிவைத்தார். 1888-ல் இயங்கத் தொடங்கிய 36 அங்குலத் தொலைநோக்கியின் தூணுக்கு அடியில்தான் அவர் புதைக்கப்பட்டிருக்கிறார். வியாழனின் ஐந்தாவது நிலாவை பர்னார்டு 1892-ல் பார்த்தது இந்தக் கண்ணாடியில்தான். அண்ணன் இதையெல்லாம் கேட்கும் நிலையில் இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் கரியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் வாக்குவாதம் தொடங்கியது. கீழிருந்து இழுக்காத புல்லட் புல்லட்டே இல்லை என்றேன். “பின்னாடி எறங்கிப் பாரு, அப்புறம் பேசு” என்றார்.

மலையின் பின்பக்கம் செங்குத்தாக இறங்குகிறது. 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து பற்றிய பெருந்தீ இந்தச் சரிவுகளை எரித்தது. குவிமாடங்களைத் தீயணைப்பு வீரர்கள் காப்பாற்றிவிட்டார்கள். ஓக் மரங்கள் பல இன்னும் கரிக்கட்டையாக நிற்கின்றன. இறக்கம் முடிந்தால் சான் அன்டோனியோ பள்ளத்தாக்கு. சமவெளி, காய்ந்த புல், மாட்டு வேலி, நீளமான நேர்ச்சாலை. சான் ஹோசேயை விட்டால் லிவர்மோர் வரை பெட்ரோல் பங்க் கிடையாது. அந்த நேர்ச்சாலையில் வுட்ஸ்மேன் 4500 சுற்றைத் தாண்டியபோது நடந்ததை நான் மறுக்க முடியாது. சத்தமே மாறியது. இருமல் போய் ஒரே ராகமாக வந்தது. அறுபது வருடத்துக்கு மேலான வண்டி ஒரு தள்ளுத் தள்ளி என்னைவிட்டு விலகிப் போனது. நான் ஒரு கியர் இறக்கித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த ராகத்தில் எனக்கு ஒரு பயமும் இருந்தது. புல்லட்டின் ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். பழைய 500 தன் 22 குதிரைத் திறனைக் கொடுக்கும் 5400 சுற்றில் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 16 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. என் கீழிருந்த 650-ன் ஸ்ட்ரோக் 67.8 மில்லிமீட்டர்தான், அது 7250 சுற்றில்தான் அந்த வேகத்தைத் தொடுகிறது. அதாவது பழைய எஞ்சின் நிதானமாகச் சுற்றுவதாக நமக்குத் தோன்றினாலும், பிஸ்டன் அப்போதே புது எஞ்சினின் உச்ச வேகத்தில் இருக்கிறது. கேம் அதை 6200 வரை தூண்டினால் சுற்று கூடுவது 15 சதவீதம், கனெக்டிங் ராடை உச்சியில் இழுக்கும் விசை கூடுவது 32 சதவீதம், ஏனென்றால் அது வர்க்கக் கணக்கில் ஏறும். புல்லட்டில் அந்த ராட் வழக்கமாக அலுமினியக் கலவை. அதன் பெரிய முனையில் பேரிங்குக்குப் பதில் மிதக்கும் புஷ்தான். என்னைக் கேட்டால் பழைய புல்லட்டில் பணம் போட வேண்டிய வரிசை கீழிருந்து மேலே: நல்ல ராட், அதிகம் இறைக்கும் எண்ணெய் பம்பு, ஹெட்டின் துவாரங்களைச் சீராக்குவது, கார்புரேட்டர். கேம் கடைசி. பெரும்பாலோர் தலைகீழாகப் போகிறார்கள், ஏனென்றால் கேம் மாற்றினால் சத்தம் மாறும், ராட் மாற்றினால் ஒன்றும் தெரியாது. அண்ணன் ராடை முன்பே எஃகில் மாற்றிவிட்டார் என்பதால் என் வாதம் அவரிடம் பாதிதான் எடுபட்டது.

இன்னொரு விஷயத்தில் அவருக்கு அதிர்ஷ்டம். கலிஃபோர்னியாவில் 1978 முதல் வந்த சாலை பைக்குகளுக்குப் புகைக் கட்டுப்பாடு உண்டு. அவற்றில் மாநிலக் காற்றுவள வாரியத்தின் ஒப்புதல் எண் இல்லாத கேம்மையோ கார்புரேட்டரையோ போடுவது சட்ட மீறல். கார்களைப்போல இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புகைச் சோதனை பைக்குக்கு இல்லை என்பதால் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான். 1957 வண்டிக்கு இந்தத் தலைவலி இல்லை. இதே திருவொற்றியூர் புல்லட்டை 2005-ல் இங்கே புதிதாக வாங்கியவர் இதே கேம்மைப் போட முடியாது.

மைன்ஸ் ரோடு வழியாக லிவர்மோர் வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. பயணத்தை அங்கே முடிக்க வேண்டும் என்று அண்ணன் திட்டமிட்டதற்குக் காரணம் சிவா விஷ்ணு கோயில். தெற்கத்திக் கோபுரமும் வடநாட்டு சிகரமும் சேர்ந்து நிற்கும் கோயில்; வார இறுதியில் சாப்பாடும் கிடைக்கும். கரியும் எண்ணெயுமாக இருந்த கையை மூன்று முறை கழுவிவிட்டு, தரிசனம் முடித்து, புளியோதரையோடு வாகன நிறுத்தத்துக்கு வந்தோம்.

“சரி, மலைக்கு ஸ்டாண்டர்டு கேம்தான். ஒத்துக்கறேன்” என்றார் அண்ணன். “ஆனா கழட்ட மாட்டேன்.”

“அப்ப என்னதான் பண்ணுவீங்க?”

கியர் பாக்ஸ் ஸ்பிராக்கெட்டை மாற்றுவாராம். இப்போது இருப்பது 17 பல். 16 பல் போட்டால் ஒவ்வொரு கியரிலும் இழுவை ஆறு சதவீதம் கூடும், வளைவிலிருந்து எழும்போது எஞ்சின் சீக்கிரமே தனக்குப் பிடித்த சுற்றுக்கு வந்துவிடும். பதிலுக்கு ஃப்ரீவேயில் 65 மைலில் ஏற்கெனவே 4200-ஐத் தொடும் சுற்று இன்னும் 260 ஏறும். அதுவும் கேமுக்குப் பிடித்த இடம்தானே என்றார். ராடுக்குப் பிடிக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது. அவர் ஏற்கெனவே சென்னைக்கு ஃபோன் போட்டு, அடுத்த மாதம் ஃப்ரீமாண்ட் வரவிருந்த மாமியாரிடம் பேசிக்கொண்டிருந்தார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எந்தப் பக்கம் கடை, என்ன சொல்லிக் கேட்க வேண்டும், எத்தனை பல் என்று எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும் என்றெல்லாம் விளக்கமாகச் சொன்னார். மாமியார் மறுமுனையில் கேட்டது எனக்கும் கேட்டது: சாம்பார் பொடி இரண்டு கிலோவா, ஒரு கிலோவைக் குறைத்துக்கொள்ளட்டுமா?